பொறாமையும் வைராக்கியமும்

முதல் மாணவனை எட்டிப் பிடிக்க முனைந்த சிறுவனை ஒருமுறை ‘பொறாமைக்காரன்’ என்று கடிந்தேன். தவறு என்னுடையதே.

பொறாமையாவது பிறர் ஆக்கத்தைப் பொறுக்கமாட்டாமை. வள்ளுவர் 16ஆம் அதிகாரமாகப் பொறையுடைமையையும் அதனையடுத்து அழுக்காறாமையையும் வைத்தமை கருதத்தக்கது. கிரேக்கர் அழுக்காற்றைப் ‘ப்தோனொஸ்’ என்றனர். பிறர் பெற்ற நலம் தமக்கில்லையே என வருந்தி, அதனை அடைய முயல்வது ‘ஸேலொஸ்’. முன்னது கீழோர்க்கும் பின்னது மேலோர்க்கும் உரியதென்பார் அரிஸ்டாட்டில்.

விவிலியக் கிரேக்கத்திலோ ‘ஸேலொஸ்’ நன்மை, தீமை இரண்டிற்கும் வழங்கிற்று. ஆதலின் 1871இல் வெளிவந்த தமிழ் வேதாகமம், யோவான் சுவிசேஷத்தில் அச்சொல்லைப் ‘பக்திவைராக்கியம்’ என்றும், கொரிந்தியர் நிருபத்தில் அன்பைப் பற்றிய இடத்தில் அதன் வினையைப் ‘பொறாமை’ என்றும் பெயர்த்தது. நான் அச்சிறுவனிடம் சொல்லியிருக்க வேண்டியதும் வைராக்கியம் என்பதே.