நெஞ்சு நோயாளரும் ஆகாய மார்க்கமும்

மலாயாவில் ரப்பர்த் தொழில் வேர்கொண்ட இடங்களுள் மலாக்கா முதன்மையானது. 1896இல் டான் சாய் யான் என்னும் சீன வணிகர் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டார்; பின்னர் புக்கிட் அசாகானில் பெருந்தோட்டம் எழுந்தது. தோட்டத்தைத் தொடர்ந்து லயம் வந்தது; ஆஸ்பத்திரியும் டிரெசரும் வந்தனர். காய்ச்சலுக்குக் கொயினாவும் புண்ணுக்கு மருந்தும் அங்கே கிடைத்தன. ஆனால் விடியற்காலையில் பால் வெட்டப் போனவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தால், அவரைக் காக்கும் வழி டிரெசரிடம் இல்லை. செம்மண் சடக்கின் மறுமுனையிலிருந்த பட்டணத்து ஆஸ்பத்திரியிலும் நெடுங்காலம் இல்லை.

மருத்துவத்துக்கு வானூர்தியைத் துணைகொள்ளும் முயற்சி இதற்குள் வேறிடங்களில் தொடங்கியிருந்தது. 1928 மே 17இல் ஆஸ்திரேலியாவின் குளோன்கரியிலிருந்து மருத்துவர் ஒருவர் விமானமேறி ஜூலியா கிரீக் நோயாளிகளைப் பார்க்கச் சென்றார். 1944 ஏப்ரலில் பர்மாக் காட்டில் அமெரிக்க விமானி கார்ட்டர் ஹார்மன், விழுந்த விமானத்தின் ஓட்டியையும் மூன்று பிரிட்டிஷ் வீரரையும் ஹெலிகாப்டரில் மீட்டார். ஒரு தடவைக்கு ஒருவர்தான், அதன் வலிமை அவ்வளவே. சயாம்–பர்மா ரயில் பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்ட தோட்டத் தமிழரைத் தேடி எதுவும் பறந்து வரவில்லை என்பதையும் ஈண்டு நினைக்கலாம்.

அவசரகாலத்தின்போது இம்முறை மலாயாவுக்கு வந்தது. 1950 ஏப்ரலில், சிங்கப்பூர் செலேத்தாரில் பிரிட்டிஷ் விமானப் படை மூன்று டிராகன்ஃபிளை ஹெலிகாப்டர்களைக் கொண்டு, காயமுற்றோரை ஏற்றிவரத் தனிப்பிரிவு அமைத்தது. மலாக்காவை அடுத்த ஜொகூரின் தென்பகுதியிலிருந்து காயமுற்ற போலீஸ்காரர் ஒருவரை அது ஜூனில் தூக்கிவந்தது.

நெஞ்சு நோயாளரையும் அவ்வாறே தூக்கியிருக்கலாமே எனில், இயலாது. குண்டுக் காயத்துக்குக் கட்டுப் போட்டுக் கிடத்தலாம். மாரடைப்பிலோ இரத்தக் குழாய் அடைபட்டு இதயத் தசை பட்டினி கிடக்கிறது; துடிப்பு எந்நேரமும் தடம் புரண்டு நின்றுவிடும். உயரே செல்லச் செல்லக் காற்றழுத்தம் குறைவதால் இரத்தத்தில் சேரும் பிராணவாயுவும் குறையும். பயணிகள் விமானத்தின் அடைத்த அறையுங்கூட 6,000 முதல் 8,000 அடி உயர மலைக்கு ஒப்பானது. பிராணவாயுவும், நாடித் துடிப்பைக் காட்டும் கருவியும், தடம் புரண்ட துடிப்பை மின்னதிர்ச்சியால் சீராக்கும் கருவியும் உடன் இல்லாவிடில், விமானம் அவரை விரைவாகக் கொண்டுபோகும் பிண வண்டியே.

அந்த மின்கருவி 1966இல்தான் வண்டியேறியது. பெல்ஃபாஸ்ட் நகரில் டாக்டர் பான்ட்ரிட்ஜ், மோட்டார் பாட்டரிகளால் இயங்கும் ஒன்றை ஆம்புலன்சில் வைத்தார். எடை 70 கிலோ. நோயாளியின் எடைக்குக் குறையாது! சில ஆண்டுகளில் அது கைப்பெட்டியாகச் சுருங்கிய பின்னரே வான்வழி பொருளுடையதாயிற்று.

சரவாக்கில் 1973இல் பறக்கும் மருத்துவர் சேவை தொடங்கிற்று. ஆறும் காடும் அங்கே வேறு வழி விடவில்லை. 1992இல் கோலாலம்பூரில் தேசிய இருதயக் கழகம் அமைந்தது. மலாக்காவிலிருந்து அது ஏறத்தாழ 150 கிலோமீட்டர். ஹெலிகாப்டரை அழைத்து, திடலில் இறக்கி, நோயாளியை ஏற்றி முடிப்பதற்குள் ஆம்புலன்ஸ் பெருவழியில் பாதி தூரம் போயிருக்கும். அன்றியும், இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்து 1980களில் பரவிய பின்னர், அருகிலுள்ள மருத்துவமனையிலேயே அதைச் செலுத்திவிட்டு அனுப்பும் முறையும் வந்துவிட்டது.

ஆகவே மலாக்காத் தமிழர்க்கு நேரம் வீணாவது பெரும்பாலும் வீட்டுக்குள்ளேதான். தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் ஜாசின், அலோர் காஜா பட்டணங்களுக்குப் பெயர்ந்த பின்னும், “வாயுப் பிடிப்பு” என்று கோடாலித் தைலம் தடவி, விடியட்டும் என்றிருக்கும் வழக்கம் கூடவே பெயர்ந்து வந்திருக்கிறது. நெஞ்சிறுக்கம், கைக்கோ தாடைக்கோ ஏறும் வலி, குளிர்ந்த வேர்வை ஆகியவை வாயுவின் குறிகள் அல்ல. நீரிழிவுக்காரர்க்கு வலியே இராமல் மூச்சுத் திணறல் மட்டும் வருவதும் உண்டு. அப்போதும் 999க்கு உடனே சொல்லவேண்டும்.