எடிட்டிங் மேசையிலிருந்து மடிக்கணினி வரை: தமிழகத்தில் காணொளித் தொகுப்பும் சேமிப்பும்

காணொளித் தொகுப்பு என்பது படம்பிடித்த காட்சிகளில் வேண்டியவற்றைத் தேர்ந்து, வெட்டி, வரிசைப்படுத்தி, ஒலியுடன் இணைக்கும் பணியாகும். வழக்கில் இது ‘எடிட்டிங்’ எனப்படுகிறது. ஒரு காலத்தில் தமிழகத்தில் இப்பணி சென்னையின் படத்தொகுப்புக் கூடங்களோடு பிணைந்திருந்தது. இன்று பெரியகுளம் வட்டத்து ஜெயமங்கலம் போன்ற ஊர்களில் ஒன்றரைக் கிலோ எடையுள்ள மடிக்கணினியிலேயே அதைச் செய்ய முடிகிறது. இந்த மாற்றத்தில் கணினியின் வேகத்திற்கு எவ்வளவு பங்கு உண்டோ, அதே அளவு பங்கு சேமிப்பு சாதனங்களுக்கும் உண்டு.

பிலிம் காலம்

35 மி.மீ. பிலிம் ஒரு நிமிடத்திற்கு 90 அடி ஓடும். எனவே இரண்டரை மணி நேரப் படம் சுமார் 13,500 அடி நீளம் கொண்டது. வெட்டி ஒதுக்கப்பட்ட காட்சிகளின் நீளம் இதைப்போலப் பல மடங்கு இருக்கும். அவற்றை மூவியோலா, ஸ்டீன்பெக் ஆகிய கருவிகளில் ஓட்டிப் பார்த்து, கையால் வெட்டி ஒட்டினர். கருவிகளும் ஆய்வகங்களும் சென்னையில் குவிந்திருந்தன. தேனி அல்லிநகரத்தைச் சேர்ந்த பாரதிராஜாவும், பண்ணைப்புரத்தைச் சேர்ந்த இளையராஜாவும் சென்னைக்குப் போன பிறகே திரைத்துறையில் நுழைய முடிந்தது. கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து கலைஞர்கள் வந்தார்கள். படம் முழுமை பெறும் இடம் மட்டும் ஏறத்தாழ 500 கி.மீ. தொலைவில் இருந்தது.

நாடாக் காலம்

1956-இல் அமெரிக்காவின் ஆம்பெக்ஸ் நிறுவனம் நடைமுறைக்கு உகந்த காணொளி நாடாப் பதிவுக் கருவியை அறிமுகம் செய்தது. 1980-களில் வி.எச்.எஸ். கேசட் தமிழகச் சிற்றூர்களுக்கும் வந்தது. கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா ஆகியவை கேசட்டில் பதிவாகத் தொடங்கின. இரண்டு வி.சி.ஆர். கருவிகளை இணைத்து, ஒன்றில் ஓட்டி மற்றொன்றில் பதிவு செய்வதே எளிய எடிட்டிங் முறை. இதில் இரண்டு குறைகள் இருந்தன. ஒவ்வொரு நகலிலும் படத்தின் தெளிவு குறைந்தது. நடுவில் ஒரு காட்சியைச் சேர்க்க வேண்டுமானால், அதற்குப் பின்னுள்ள அனைத்தையும் மீண்டும் பதிவு செய்ய வேண்டியிருந்தது.

கணினியின் வருகை

விரும்பிய இடத்தில் விரும்பிய காட்சியைச் சேர்க்கும் முறை ‘நான்-லீனியர் எடிட்டிங்’ எனப்படுகிறது. 1971-இல் வந்த சி.எம்.எக்ஸ். 600 இதன் முன்னோடி. சி.பி.எஸ்., மெமரெக்ஸ் நிறுவனங்களின் கூட்டு முயற்சியான இக்கருவி, பெரிய வட்டு அடுக்குகளில் கறுப்பு வெள்ளைக் காட்சிகளைச் சேமித்தது. மிகுந்த விலையாலும் குறைந்த கொள்ளளவாலும் அது பரவவில்லை. 1989-இல் மெக்கின்டாஷ் கணினியை அடிப்படையாகக் கொண்டு ஆவிட் நிறுவனத்தின் கருவி வந்த பிறகே இம்முறை நிலைபெற்றது. கமல்ஹாசன் நடித்து 1994-இல் வெளியான ‘மகாநதி’, ஆவிட் முறையைப் பயன்படுத்திய முதல் இந்தியப் படமாகக் குறிப்பிடப்படுகிறது.

அக்கால வன்தட்டுகளில் முழுத் தெளிவுள்ள படத்தைச் சேமிக்க இடமில்லை. எனவே தெளிவு குறைந்த நகலில் எடிட்டிங் செய்து, வெட்டும் இடங்களின் பட்டியலைத் தயாரித்தனர். அதைப் பார்த்து மூல நெகட்டிவ் வெட்டப்பட்டது. இன்று ‘பிராக்ஸி’ எனப்படும் முறையும் இதுவே. எடை குறைந்த மடிக்கணினியில் கனமான காட்சிகள் திணறும்போது, சிறிய நகல்களில் எடிட்டிங் செய்து, இறுதியில் மூலக் கோப்புகளை இணைத்துக்கொள்கின்றனர்.

மடிக்கணினிக்கு மாறுதல்

1995-இல் வந்த டி.வி. வடிவமும், ஃபயர்வயர் இணைப்பும் காட்சிகளை நேரடியாகக் கணினிக்கு மாற்ற வழி செய்தன. ஒரு மணி நேர டி.வி. காணொளிக்கு ஏறத்தாழ 13 ஜி.பி. இடம் தேவைப்பட்டது. அடோபி பிரீமியர் (1991), ஃபைனல் கட் புரோ (1999) ஆகிய மென்பொருள்கள் தனிநபர் கணினிகளில் இயங்கின. 2008-இல் வெளியான மேக்புக் ஏர் 1.36 கிலோ எடையில் வந்தபோதும், 80 ஜி.பி. வன்தட்டு அல்லது 64 ஜி.பி. எஸ்.எஸ்.டி. மட்டுமே கொண்டிருந்ததால் எடிட்டிங்குக்குப் போதவில்லை. காணொளிக்கென்று தனிச் சுற்றுகள் கொண்ட செயலிகளும் வேகமான எஸ்.எஸ்.டி.களும் பரவிய பின் நிலைமை மாறியது. 2020-இல் எம்1 செயலியுடன் வந்த மேக்புக் ஏர், மின்விசிறியே இல்லாமல் 4கே காட்சிகளைக் கையாண்டது.

இதே காலத்தில் தமிழகத்திலும் சூழல் மாறியது. 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. அவை எடிட்டிங்குக்காக வடிவமைக்கப்பட்டவை அல்ல. ஆயினும் பல வீடுகளில் நுழைந்த முதல் கணினி அதுவே. 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கலைஞர் தொலைக்காட்சியின் ‘நாளைய இயக்குநர்’ நிகழ்ச்சி குறும்பட இயக்குநர்களுக்கு மேடையானது. கார்த்திக் சுப்புராஜ், நலன் குமாரசாமி ஆகியோர் அவ்வழி வந்தவர்கள். புதுக்கோட்டை மாவட்டச் சிற்றூர் ஒன்றிலிருந்து இயங்கும் ‘வில்லேஜ் குக்கிங் சேனல்’, 2021-இல் ஒரு கோடி சந்தாதாரர்களை எட்டிய முதல் தமிழ் யூடியூப் சேனலானது.

தேர்வில் கவனிக்க வேண்டியவை

எடை குறைந்த மடிக்கணினியைத் தேர்ந்தெடுக்கும்போது எடைக்கும் வெப்பத்திற்கும் உள்ள தொடர்பை அறிய வேண்டும். மெல்லிய உடலில் வெப்பம் வெளியேற இடம் குறைவு. நீண்ட நேரம் ‘எக்ஸ்போர்ட்’ செய்யும்போது செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். கோடை வெயிலில் இது கூடும். நினைவகம் 16 ஜி.பி. இருப்பது நல்லது. பல மெல்லிய மடிக்கணினிகளில் அதைப் பின்னர் கூட்ட முடியாது. கேமரா பதிவு செய்யும் எச்.264, எச்.இ.வி.சி. வடிவங்களைச் செயலி தன் வன்பொருளிலேயே விரிக்க வல்லதா என்பதும் முக்கியம்.

சேமிப்பின் கணக்கு எளியது. நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதிவாகும் 4கே காணொளி, மணிக்கு 45 ஜி.பி. இடம் எடுக்கும். இரண்டு கேமராக்களில் நான்கு மணி நேரம் எடுத்தால் 360 ஜி.பி. ஆகிவிடும். 512 ஜி.பி. கொண்ட மடிக்கணினி ஒரே கல்யாணத்தில் நிரம்பிவிடக்கூடும். அதே காணொளியை ஓட்டத் தேவையான வேகமோ நொடிக்கு 12.5 மெகாபைட் மட்டுமே. சாதாரண வன்தட்டும் இதைத் தரும். பல கேமராக் காட்சிகளை ஒரே நேரத்தில் ஓட்டி, முன்னும் பின்னும் தாவும்போதுதான் வன்தட்டு தடுமாறுகிறது. ஆகவே நடப்பு வேலைக்கு வெளிப்புற எஸ்.எஸ்.டி., முடிந்த வேலையைப் பாதுகாக்க விலை குறைந்த வன்தட்டு என்ற பிரிவினை ஏற்றதாகும்.

பாதுகாப்பு

சேமிப்பது வேறு, பாதுகாப்பது வேறு. தென்னிந்தியாவின் முதல் மௌனப்படமான நடராஜ முதலியாரின் ‘கீசக வதம்’ இன்று பிரதியின்றி மறைந்துவிட்டது. முதல் தமிழ்ப் பேசும்படமான ‘காளிதாஸ்’ (1931) படத்தின் நிலையும் அதுவே. கேசட்டுகளில் ஈரத்தால் பூஞ்சை படர்கிறது. அவற்றை ஓட்டும் கருவிகளும் அருகிவிட்டன. டிஜிட்டல் சாதனங்களும் நிலையானவை அல்ல. வன்தட்டு கீழே விழுந்தால் பழுதாகலாம். எஸ்.எஸ்.டி.யை நெடுங்காலம் மின்சாரமின்றி வைத்தால் அதிலுள்ள மின்னூட்டம் மெல்லக் கசியும்.

இதற்காகவே ‘3-2-1’ என்ற விதி பின்பற்றப்படுகிறது: மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒரு பிரதி வேறிடத்தில். உள்ளூர்த் திருவிழாவின் பதிவோ ஒரு பாட்டியின் வாய்மொழிக் கதையோ மீண்டும் எடுக்க முடியாதது. எனவே சாதனங்களுக்கான செலவுத் திட்டத்தில் இரண்டாம் பிரதிக்கான வன்தட்டையும் தொடக்கத்திலேயே சேர்ப்பது இன்றியமையாததாகும்.