மீட்டர் இல்லாத லயங்கள்: நெகிரி செம்பிலான் தோட்டங்களும் எரிசக்தி மானியமும்

மலேசியாவின் எரிபொருள் மானியத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் வழக்கமாக 1983-இல் தொடங்குவார்கள். பெட்ரோல், டீசல் விலையைச் சூத்திரப்படி அரசே நிர்ணயிக்கும் முறை அப்போதுதான் வந்தது. நெகிரி செம்பிலானின் கோலா சாவா, ரந்தாவ், லிங்கி வட்டாரத் தோட்டங்களுக்கு அந்தத் தொடக்கம் பொருந்தாது. வெகுகாலம் அங்கே விளக்கு எரிவதை அரசும் முடிவு செய்யவில்லை, சந்தையும் முடிவு செய்யவில்லை. தோட்ட நிர்வாகம்தான் முடிவு செய்தது.

மண்ணெண்ணெய் விளக்குக்குப் பிறகு லயங்களுக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, வந்தது தோட்டத்து ஜெனரேட்டர். பொழுது சாயும்போது ஓடத் தொடங்கும். பத்து மணி வாக்கில் நிறுத்திவிடுவார்கள். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை மறுபடி மண்ணெண்ணெய் விளக்கை ஏற்ற வேண்டியதுதான். 1960-களிலேயே ஷெல், எஸ்ஸோ சுத்திகரிப்பு ஆலைகள் பக்கத்துப் போர்ட்டிக்சனில் இயங்கின. பின்னர் அங்கே பெரிய மின்நிலையமும் எழுந்தது. ஆனால் மலிவு மின்கட்டணம் மீட்டர் உள்ள வீட்டுக்கு மட்டுமே கிடைத்தது. தொழிலாளர் குடியிருப்புக்கான 1990-ஆம் ஆண்டுச் சட்டம் குழாய்த் தண்ணீரை இலவசமாகத் தரச் சொன்னது. மின்சாரத்தைப் போதுமான அளவு தந்தால் போதும் என்று விட்டுவிட்டது.

அதே 1990-இல் தேசிய மின்சார வாரியம் தெனாகா நேஷனல் நிறுவனமாக மாறியது. 1992 செப்டம்பர் 29-இல் மின்தடையில் தீபகற்பம் முழுக்க இருண்டது. அந்த இருட்டே தனியார் மின்உற்பத்தியாளர்களுக்கு வாசலைத் திறந்தது. தடையற்ற சந்தை வந்துவிட்டது என்று அன்று பேசப்பட்டது. ஒப்பந்தங்களைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. தெனாகா மின்சாரத்தை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் நிலையத்தின் திறனுக்குப் பணம் கட்ட வேண்டியிருந்தது. எரிபொருள் செலவும் தெனாகாவின் தலையில். போதாக்குறைக்கு, 1997 முதல் 2008 வரை அரசு எண்ணெய் நிறுவனமான பெட்ரோனாஸ் மில்லியன் பிடியூ (வெப்ப அலகு) எரிவாயுவை 6.40 ரிங்கிட்டுக்கே மின்துறைக்குக் கொடுத்தது. உலக விலை ஏற ஏற அந்த வித்தியாசம் பெரும் மானியமானது. நட்டம் பொதுவில், லாபம் தனியாரில். இதைச் சந்தை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இந்த நிபந்தனைகளை எதிர்த்த தெனாகா தலைவர் அனி அரோப் 1996-இல் பதவியை விட்டு விலகினார். போர்ட்டிக்சன் கடலோரத்தில் இயங்கிய அத்தகைய தனியார் நிலையம் ஒன்றில் பெரும்பங்கு வைத்திருந்தது, அப்போது மாநிலத்தில் பெரிய தோட்டங்களை வைத்திருந்த சைம் டார்பி நிறுவனம். 2014-இல்தான் அப்பங்கை மாலாகோஃப் நிறுவனத்துக்கு விற்றது.

வீட்டுக் கட்டணத்தில் ஏழைகளுக்கு ஓர் அரண் இருந்ததை மறுக்க முடியாது. முதல் 200 யூனிட்டுக்கு 21.8 சென் என்ற விலையை 2006, 2008, 2011, 2014 உயர்வுகள் எவையும் தொடவில்லை. தோட்டம் துண்டாடப்பட்டுத் தாமானுக்கு (வீட்டுமனைக் குடியிருப்புக்கு) குடிபோன குடும்பங்களுக்கு இது உண்மையான உதவியாக இருந்தது.

பெட்ரோல் கதை வேறு. 2008 ஜூனில் லிட்டர் 1.92 ரிங்கிட்டிலிருந்து ஒரே இரவில் 2.70 ஆனது. 2014 டிசம்பரில் மானியத்தை எடுத்தபோது கச்சா எண்ணெய் சரிந்துகொண்டிருந்ததால் விலை குறைந்தது, பெரிய எதிர்ப்பும் எழவில்லை. 2018 ஆட்சி மாற்றத்துக்குப் பின் விலை 2.20-இல் நிறுத்தப்பட்டது, 2021-இல் உச்சவரம்பு 2.05 ஆனது. 2024 ஜூனில் தீபகற்பத்தில் டீசல் 2.15-லிருந்து 3.35-க்குத் தாவியபோது செம்பனைச் சிறுதோட்டக்காரர்களுக்கு மாதம் 200 ரிங்கிட் கிடைத்தது. குலை வெட்டும் கூலிக்காரருக்குச் சொந்த நிலமில்லை, அவர் அந்தப் பட்டியலில் வரவில்லை.

2025 செப்டம்பர் 30-இல் எல்லாக் குடிமக்களுக்கும் விரிந்த புடி95 திட்டம், மைகார்டும் (குடியுரிமை அடையாள அட்டையும்) செல்லுபடியாகும் ஓட்டுநர் உரிமமும் உள்ளவர்களுக்கு மாதம் 300 லிட்டர்வரை ரோன்95 பெட்ரோலை 1.99-க்குத் தந்தது, மற்றவர்களுக்கு அப்போது 2.60. அந்த விலையில் கார்க்காரர் முழு ஒதுக்கீட்டையும் போட்டிருந்தால் 183 ரிங்கிட் மிச்சமாகியிருக்கும். மாதம் 25 லிட்டர் போடுகிற மோட்டார் சைக்கிள்காரருக்குப் பதினைந்து ரிங்கிட். தமிழர்கள் விட்டுப்போன லயங்களில் இப்போது குடியிருக்கும் இந்தோனேசிய, வங்கதேசத் தொழிலாளர்களிடம் மைகார்டு கிடையாது. அவர்கள் முழு விலைதான் கொடுக்கிறார்கள்.