கண்டித் துவக்கின் மரமும் தந்தமும்



2023 டிசம்பரில் நெதர்லாந்திலிருந்து ஆறு பொருட்கள் கொழும்பு தேசிய நூதனசாலைக்குத் திரும்பி வந்தன. 1765இல் ஒல்லாந்தர் கண்டியைக் கொள்ளையடித்தபோது போனவை. எல்லோரும் பேசியது லெவ்கே திசாவையின் பீரங்கியைப் பற்றித்தான். தங்கமும் வெள்ளியும் மாணிக்கமும் பதித்தது, பேசத்தான் வேண்டும். ஆனால் அதோடு இரண்டு 'மஹ துவக்கு'களும் வந்தன. சுவர் மேல் தாங்க வைத்துச் சுடும் பெரிய துவக்குகள். அவற்றை நம்மில் எத்தனை பேர் கவனித்தோம்?

முதலில் சொல்லைப் பார்ப்போம். நாம் துவக்கு என்கிறோம். சிங்களத்தில் துவக்குவ. தமிழ்நாட்டில் துப்பாக்கி. மூன்றுக்கும் வேர் துருக்கியரின் 'துஃபெக்'. போர்த்துக்கேயர் சொன்ன 'எஸ்பிங்கார்டா' இங்கே ஒட்டவேயில்லை. பறங்கியர் வந்தார்கள், துவக்கும் வந்தது என்று வகுப்பில் ஒரே வரியில் முடித்துவிடுகிறோமே, சொல் வேறு வழியைக் காட்டுகிறது. அந்தக் கடலில் நம்மவர்களும் இருந்தார்கள். மாயாதுன்னைக்குத் துணையாகக் கள்ளிக்கோட்டையிலிருந்து படை கொண்டு வந்த மரைக்காயர்களை மறந்துவிடக் கூடாது. (1539இல் அதே மாயாதுன்னை அவர்களின் தலைகளைப் பறங்கியரிடம் ஒப்படைத்த கதையைத் தனியாக எழுதுவோம், இன்ஷா அல்லாஹ்.)

சரி, துவக்குக்கு வருவோம். இரும்புக் குழாய் செய்வதில் இந்நாட்டுக் கொல்லர்கள் சீக்கிரமே தேர்ந்துவிட்டார்கள். 1596இல் புத்தகம் போட்ட ஒல்லாந்துக்காரர் லின்ஸ்கோட்டன், இலங்கைக் குழாய்கள் வெள்ளி போல மின்னுவதாக வியந்திருக்கிறார். கல்லை உரசித் தீப்பொறி எழுப்பும் விசை மட்டும் போர்த்துக்கேய மாதிரி. அதையும் அப்படியே எடுக்கவில்லை. ஐரோப்பியத் துவக்கில் விசை வலப்பக்கம் இருக்கும். சிங்களத் துவக்கில் இடப்பக்கம்.

ஆனால் உடைமையாளனின் விருப்பமும் வினைஞனின் கையும் முழுதாகத் தெரியும் இடம் மரம்தான். தோளுக்கு வரும் பின்பகுதியை நாம் சோங்கு என்போமே, அது. ஐரோப்பியச் சோங்கு பெரும்பாலும் தட்டையாக முடியும். கண்டிச் சோங்கு இரண்டாகப் பிரிந்து சுருண்டு முடிகிறது. மேலே லியவெல, அதாவது வளைந்து ஓடும் கொடி வேலை. விகாரைச் சுவரிலும் பெட்டகத்திலும் நாம் பார்க்கும் அதே கொடி.

பிறகு பூச்சும் பதிப்பும். செதுக்கிய தந்தத் தகடா, அடித்து உருவெழுப்பிய வெள்ளித் தகடா, பித்தளையா, அல்லது வெறும் மரமா? இது ரசனை மட்டும் சார்ந்த தெரிவு அல்ல. யானை அரசனுக்குரியது. அப்படியிருக்க, தந்தம் பதித்த துவக்கை ஏந்தி நிற்பவன் யாருடைய ஆள் என்று தூரத்திலேயே தெரிந்துவிடும். சாதாரணப் படைவீரனின் துவக்கு மொட்டையாகத்தான் இருந்தது. அதுவும் சுட்டது, சரியாகவே சுட்டது. ஆகவே அலங்காரம் குறிக்கு உதவவில்லை, பதவிக்கு உதவியது. இதை அழகியல் என்று மட்டும் எழுதிவிட்டுப் போவது போதாது என்பது நமது கருத்து.

இந்த மாதிரி வேலைக்கென்றே கண்டி அரசில் 'பட்டல் ஹத்தர' என்ற நான்கு பட்டறைகள் இருந்தன. பொற்கொல்லரும் தந்த வேலைக்காரரும் அரசனுக்காக அங்கே உழைத்தார்கள். கூலியாகக் காசு அல்ல, நிலம். ஒரு துவக்குக்குப் பின்னால் கொல்லர், தச்சர், தந்தம் செதுக்குபவர், வெள்ளி வேலைக்காரர் என்று இத்தனை கைகள்.

துவக்குக்காரர்களுக்கும் தனித் திணைக்களங்கள் இருந்தன. அவற்றில் ஒன்று, சிறு பீரங்கிகளைக் கவனித்த கொடித்துவக்கு. நம் ஊர்களில் சிங்கள நண்பர் யாராவது 'கொடித்துவக்கு' என்ற வாசகமப் பெயரோடு இருந்தால் கேட்டுப் பாருங்கள், பெயரின் கதை அவருக்குத் தெரிந்திருக்கலாம்.

நூதனசாலைக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போகும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பீரங்கிக்கு முன்னால் படம் எடுத்து முடிந்ததும், அந்த இரண்டு துவக்குகளுக்கு முன்னால் ஐந்து நிமிடம் நிறுத்துங்கள். விசை எந்தப் பக்கம் இருக்கிறது என்று பிள்ளைகளிடமே கேளுங்கள்.