காதலர் சீட்டின் பூர்வீகம்

டாரட் எனப்படும் குறிசொல்லும் சீட்டுக்கட்டில் ஆறாம் இலக்கம் இடப்பட்ட சீட்டுக்குக் 'காதலர்' என்று பெயர். குறி கேட்க வந்தவருக்கு இச்சீட்டு விழுந்தால், காதல் கைகூடும், ஆனால் இரண்டில் ஒன்றைத் தெரிவுசெய்தே ஆகவேண்டும் என்று பலன் சொல்லப்படுவது வழக்கம். இந்தப் பலன் பண்டைய எகிப்தியக் குருமார் மறைத்துவைத்த ஞானத்திலிருந்து வந்தது என நம்புவோரும் உளர். மாப்பிள்ளை பார்க்கும்போது ஏழு தலைமுறையை விசாரிப்பவர்கள் நாம். வாழ்க்கைத் துணை பற்றிய முடிவை ஒரு கடதாசித் துண்டிடம் ஒப்படைக்கும் முன்னர், அதன் பூர்வீகத்தையும் சற்று விசாரித்துப் பார்ப்பதில் தவறில்லை.

டாரட் சீட்டுகள் பிறந்த இடம் எகிப்து அன்று, வட இத்தாலி. பிறந்த காலம் கி.பி. 15ஆம் நூற்றாண்டின் முற்பாதி. 1440இல் புளோரன்ஸ் நகரிலும் 1442இல் பெராரா அரசவைக் கணக்கேடுகளிலும் இவ்வகைச் சீட்டுகளுக்குப் பணம் கொடுக்கப்பட்டமை பதிவாகியுள்ளது. அப்பொழுது அவற்றுக்கு 'திரியோன்ஃபி', அதாவது 'வெற்றிகள்', என்று பெயர். வழமையான நால்வகைச் சீட்டுகள் 56உடன் 22 படச் சீட்டுகள் சேர்ந்து 78 கொண்ட கட்டு அது. அதை வைத்துக் குறி சொல்லவில்லை, விளையாடினார்கள். படச் சீட்டு மற்றச் சீட்டுகளை வெட்டும். ஆங்கிலேயரின் 'ட்ரம்ப்' என்ற சொல் இந்த வெற்றிச் சொல்லின் வழிவந்ததே. முந்நூற்றுநாலு விளையாடும் நம்மவர் வாயில் 'துரும்பு' என்றும், நமது பத்திரிகைகளின் அரசியல் பத்திகளில் 'துருப்புச் சீட்டு' என்றும் வழங்குவது அதே சொற்குடும்பத்தைச் சேர்ந்தது.

இன்று எஞ்சியுள்ள மிகப் பழைய கட்டுகள் சில மிலான் நகரின் பிரபுக்களுக்காகப் பொன் தகடு ஒட்டிக் கையால் தீட்டப்பட்டவை. அவற்றுள் ஒன்று அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக நூலகத்தில் உள்ளது. அதிலுள்ள காதல் சீட்டில் ஓர் ஆணும் பெண்ணும் கூடாரத்தின் கீழ் கைகோத்து நிற்கின்றனர். மேலே கண் கட்டப்பட்ட மன்மதன். கூடாரத்தின் விளிம்பில் விஸ்கொன்ரி குடும்பத்தின் பாம்புச் சின்னமும், செம்புலத்தில் வெண்சிலுவை பொறித்த மற்றொரு சின்னமும் காணப்படுகின்றன. இங்கே இரண்டு பெண்கள் இல்லை, தெரிவும் இல்லை. இது ஒரு கலியாணப் படம்.

யாருடைய கலியாணம்? வெண்சிலுவை சவோய் நாட்டுச் சின்னம் என்போர், மிலான் கோமகன் பிலிப்போ மரியா விஸ்கொன்ரிக்கும் சவோய் இளவரசி மரியாவுக்கும் 1428இல் நடந்த திருமணத்தைக் குறிப்பிடுவர். அது பாவியா நகரின் சின்னம் என்போர், அதே கோமகனின் மகள் பியாங்கா மரியா 1441இல் படைத்தலைவன் பிரான்செஸ்கோ ஸ்போர்ஸாவை மணந்ததைக் காட்டுவர். எந்த விளக்கத்தை ஏற்றாலும், காதலுக்கு அங்கே அதிக வேலை இருக்கவில்லை என்பதே உண்மை.

பிலிப்போவின் முதல் மனைவி பெயாத்ரிசே, முன்னைய படைத்தலைவன் ஒருவனின் விதவை. அவளுடைய செல்வத்தையும் படையையும் கருதியே 1412இல் அவளை மணந்தான். 1418இல் அவள் சோரம் போனாள் எனக் குற்றஞ்சாட்டித் தலையை வெட்டுவித்தான். சவோய் இளவரசியின் திருமணம் அயல்நாட்டுடன் செய்துகொண்ட உடன்படிக்கையின் ஓர் அங்கம். பியாங்கா மரியாவோ அவனது ஆசைநாயகியின் மகள். கூலிப்படைத் தலைவனான ஸ்போர்ஸாவைத் தன் பக்கம் கட்டிவைப்பதற்காகக் குழந்தைப் பருவத்திலேயே அவள் அவனுக்கு நிச்சயிக்கப்பட்டாள். மணநாளில் அவளுக்கு வயது 16, அவனுக்கு 40. அத்திருமணத்தின் பலத்தில் அவன் 1450இல் மிலானின் கோமகனானான். காதலையும் தெரிவையும் குறிப்பதாக இன்று சொல்லப்படும் சீட்டின் தொட்டிலில், எதையும் தெரிவுசெய்ய விடப்படாத மூன்று பெண்கள் இருக்கின்றனர்.

பின்னர் இவ்விளையாட்டு பிரான்சுக்குச் சென்றது. 17ஆம், 18ஆம் நூற்றாண்டுகளில் மரக்கட்டை அச்சில் மலிவாக வெளிவந்த மார்செய் பாணிக் கட்டுகளில் படம் மாறிவிட்டது. இரு பெண்களுக்கு நடுவே ஓர் இளைஞன் நிற்கிறான். மேலே மன்மதன் அம்பைத் தொடுத்துக் குறிபார்க்கிறான். தெரிவு என்ற கருத்து சீட்டுக்குள் நுழைந்தது இந்தப் படத்தினூடாகவே. ஆனால் யாருடைய தெரிவு? சீட்டின் பெயரே 'காதலன்' என்று ஒருமையில் மாறிவிட்டது. தெரிவுசெய்பவன் ஆண், பெண்கள் இருவரும் தெரிவுசெய்யப்படுவதற்காகக் காத்து நிற்பவர்கள்.

எகிப்தியக் கதை தோன்றியது 1781இல். கூர் தெ ஜெபெலின் என்ற பிரெஞ்சு அறிஞர், பாரிஸ் நகரில் சிலர் விளையாடிக்கொண்டிருந்த இச்சீட்டுகளை எகிப்தியரின் ஞான நூல் என்று தமது பெருநூலின் எட்டாம் தொகுதியில் எழுதிவைத்தார். எகிப்தியச் சித்திர எழுத்தைச் சம்போலியன் வாசித்தறிந்தது 1822இல். ஆக, எகிப்திய எழுத்தில் ஒரு வரியைத்தானும் எவரும் வாசிக்க முடியாதிருந்த காலத்தில் எழுந்த ஊகம் இது. ஆறாம் சீட்டில் அவர் கண்டதும் தெரிவு அன்று. நடுவில் மதகுரு நின்று ஆசீர்வதிக்கும் திருமணமே. அதே படத்தை 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் எலிபாஸ் லெவி நோக்கியபோது, அறத்துக்கும் மறத்துக்கும் இடையே நிற்கும் மனிதன் தெரிந்தான். இது கிரேக்கத்தின் பழங்கதையொன்றை நினைவூட்டுவது: இரு பாதைகள் பிரியுமிடத்தில் இரு பெண்கள் வீரன் ஹெராக்கிளிஸை அழைத்ததாகப் புரொடிக்கஸ் சொன்ன கதையைச் செனபோன் பதிவுசெய்துள்ளார்.

இன்று உலகெங்கும் பரவியுள்ள வடிவம் 1909இல் லண்டனில் வெளிவந்தது. ஆதர் எட்வேட் வெயிற் திட்டமிட, பமேலா கோல்மன் ஸ்மித் என்ற ஓவியை வரைந்தார். மார்செய் படத்தை வெயிற் விலக்கிவிட்டார். புதிய சீட்டில் நிற்பவர்கள் ஏதேன் தோட்டத்து ஆதாமும் ஏவாளும். அவள் பின்னால் பாம்பு சுற்றிய மரம், மேலே தேவதூதன். ஆண் பெண்ணைப் பார்க்கிறான். பெண் தேவதூதனை நிமிர்ந்து பார்க்கிறாள். சரித்திரத்தில் முதன்முறையாக இச்சீட்டில் ஒரு பெண்ணின் பார்வைக்குத் தனியான இலக்கு கிடைத்தது. அதை வரைந்த பெண்ணுக்கோ அத்தகைய நியாயம் கிடைக்கவில்லை. பதிப்பாளர் பெயரையும் வெயிற்றின் பெயரையும் சேர்த்தே அக்கட்டு நெடுங்காலம் அழைக்கப்பட்டது. சொற்ப ஊதியம் பெற்ற ஸ்மித் 1951இல் கோர்ன்வாலில் வறிய நிலையில் மறைந்தார்.

ஒக்ஸ்போர்ட் தத்துவப் பேராசிரியர் மைக்கல் டமட் 1980இல் வெளியிட்ட விரிவான ஆய்வு, டாரட் அடிப்படையில் ஒரு விளையாட்டே என்பதையும், குறிசொல்லலும் மறைஞானமும் 18ஆம் நூற்றாண்டிலேயே அதனுடன் வந்து ஒட்டிக்கொண்டன என்பதையும் நிறுவியது. இதனால் சீட்டின் மதிப்புக் குறைந்துவிடவில்லை. அறுநூறு ஆண்டுக்காலத்தில் கலியாண ஒப்பந்தம் தெரிவாகவும், ஆணின் தெரிவு இருவரின் தெரிவாகவும் மாறிவந்த கதை அதில் பதிந்திருக்கிறது. அந்த மாற்றத்தைச் சீட்டு கொண்டுவரவில்லை. மனிதர்கள், சிறப்பாகப் பெண்கள், போராடிப் பெற்றதைச் சீட்டு பின்னால் வந்து படம்பிடித்துக்கொண்டது.

பியாங்கா மரியாவுக்கு மறுக்கப்பட்ட உரிமை இன்று நமது பிள்ளைகளுக்குச் சட்டப்படி உண்டு. வீட்டுக்குள் அது இன்னமும் பேரம்பேசப்படும் பொருளாகவே இருக்கிறது. இத்தனை தலைமுறைகள் கடந்து கைக்கு வந்த அந்தத் தெரிவை, கலைத்துப்போட்ட கட்டிலிருந்து விழும் ஒரு சீட்டிடம் திருப்பிக் கொடுப்பது எவ்வகையிலும் பொருந்தாது. துரும்பைக் கையில் வைத்திருப்பவர்தாம் அதை இறக்கவேண்டும்.