பச்சையாக மாறிய சோதனைக் குழாய்

டயட் கோலா டப்பாவைத் திருப்பிப் பார்த்திருக்கீங்களா மக்களே? அஸ்பார்ட்டேம் சேர்த்த பானம்னா, 'பினைல்கீட்டோனூரியா உள்ளவர்களுக்கு ஏற்றதல்ல' என்ற பொருளில் பொடி எழுத்தில் ஒரு ஆங்கில வரி இருக்கும். ஆபீஸ்ல ராத்திரி ஆணி புடுங்கும்போதெல்லாம் என் கண்ணில் படுற வரி. ஒருநாள் பொறுக்க முடியாம தேட ஆரம்பிச்சேன். வாயில் நுழையாத அந்தப் பேருக்குப் பின்னாடி இவ்வளவு பெரிய கதை இருக்கும்னு எதிர்பார்க்கலை.

1934, நார்வே. போர்க்னி எகெலாண்ட் என்கிற அம்மாவுக்கு ரெண்டு பிள்ளைகள். பிறக்கும்போது ரெண்டு பேருமே நல்லாத்தான் இருந்தாங்க. வளர வளர, மூத்தவளுக்கு ஒரு சில சொற்கள்தான் வந்தது. சின்னவனுக்கு நடையும் இல்லை, பேச்சும் இல்லை. ரெண்டு பேர் மேலேயும் ஒரே விநோதமான வாடை. அந்தம்மா டாக்டர் டாக்டரா ஏறி இறங்கினார். பிள்ளைகளுக்கு என்ன, இந்த வாடை ஏன் வருதுன்னு கேட்டார். யார்கிட்டயும் பதில் இல்லை. ஆனாலும் விடலை.

கடைசியா மாட்டினவர் ஆஸ்பியோர்ன் ஃபோலிங். இவர் முதலில் வேதியியல் படிச்சு, அப்புறம்தான் மருத்துவம் படிச்சவர். அதனால வழக்கமான சிறுநீர் சோதனைகளோட, அதில் ஃபெரிக் குளோரைடு விட்டும் பார்த்தார். கீட்டோன் இருந்தா கருஞ்சிவப்பாகணும். இல்லேன்னா பழுப்பாவே இருக்கணும். இங்க ரெண்டு பிள்ளைகளோட சிறுநீரும் பச்சையா மாறிடுச்சு! எந்தப் புத்தகத்திலும் இல்லாத நிறம். மருந்து ஏதாவது காரணமா இருக்குமோன்னு எல்லாத்தையும் நிறுத்தச் சொல்லிட்டு மறுபடி பார்த்தார். அப்பவும் பச்சை. அம்மா லிட்டர் லிட்டரா சிறுநீர் கொண்டுவந்து கொடுக்க, இவர் அதிலிருந்து அந்தப் பொருளைப் பிரிச்செடுத்தார்: பினைல்பைருவிக் அமிலம். பிறகு காப்பகங்களில் இருந்த 430 பேரைச் சோதிச்சதில் இன்னும் 8 பேர் கிடைச்சாங்க.

பொட்டி தட்டுறவங்க பாஷையில் சொன்னா, அந்தம்மா கொடுத்தது கச்சிதமான ஒரு பக் ரிப்போர்ட். அதுவரை போன டாக்டர்கள் எல்லாம் 'டூப்ளிகேட்'னு மூடிட்டாங்க, அம்புட்டுதான் :-)

பால், முட்டை, பருப்புன்னு எல்லாப் புரதத்திலும் ஃபெனைல் அலனின் இருக்கு. அதை டைரோசினாக மாத்துற நொதி இந்தப் பிள்ளைகளின் கல்லீரலில் வேலை செய்யாது. தேங்கிப்போற ஃபெனைல் அலனின் வளரும் மூளையைக் கெடுக்கும். விஷயம் இவ்வளவுதான்.

ஆனா அது எந்தக் காலம்னு யோசிச்சுப் பாருங்க. 1933ல் ஜெர்மனியில் கட்டாயக் கருத்தடைச் சட்டம். ஃபோலிங் கண்டுபிடிச்ச அதே 1934ல் அவர் நாட்டிலேயே கருத்தடைச் சட்டம் வந்தது. அறிவு வளர்ச்சி குறைஞ்ச பிள்ளைன்னா 'வம்சம் சரியில்லை'ன்னு சொன்ன காலத்தில், ஒருத்தர் சோதனைக் குழாயைக் காட்டி 'இது வேதியியல்'னு சொல்றார். இந்தக் கதையில் எனக்கு ரொம்பப் பெரிசாப் படுறது இதுதான். லயனல் பென்ரோஸ்னு ஒரு பிரிட்டிஷ் மரபியலாளர். அவர் உட்கார்ந்த பேராசிரியர் நாற்காலியின் பேரிலேயே 'யூஜெனிக்ஸ்' இருந்தது. 1945ல் அந்த மேடையிலேயே ஏறி, இந்த ஒரு நோயை வச்சே கணக்குப் போட்டுக் காட்டினார். இந்த மரபணுவை ஒழிக்கணும்னா ஆரோக்கியமானவங்கள்ல நூத்துக்கு ஒருத்தருக்குக் கருத்தடை செய்யணும். ஒரு கைப்பிடி நோயாளிகளுக்காக இதைச் செய்வீங்களான்னு கேட்டார்.

சரி, சிகிச்சை? அதுக்குக் கிட்டத்தட்ட இருபது வருஷம் ஆச்சு. பிர்மிங்ஹாம் குழந்தைகள் மருத்துவமனையில் ஹார்ஸ்ட் பிக்கெல் ஒரு பெண் குழந்தைக்கு நோயை உறுதி செஞ்சார். அந்தம்மாவுக்கு நோயின் பேரில் அக்கறையே இல்லை, 'குணப்படுத்த என்ன செய்யப்போறீங்க'ன்னு தினமும் காலையில் ஆய்வுக்கூடத்துக்கு வெளியே வந்து நின்னார். லண்டனில் லூயி உல்ஃப் கொடுத்த யோசனையை வச்சு, பால் புரதத்தை உடைச்சுக் கரித்தூளில் வடிகட்டி ஃபெனைல் அலனினை நீக்கி ஒரு உணவு தயாரிச்சாங்க. மருத்துவர் பிக்கெல், ஜெரார்டு என்ற இன்னொரு மருத்துவர், ஹிக்மன்ஸ் என்ற உயிர்வேதியியலாளர், மூணு பேர் கூட்டு வேலை. குழந்தை தலையை மோதிக்கிறது நின்னுச்சு, எழுந்து நிற்க ஆரம்பிச்சது. 1953ல் லான்செட்டில் கட்டுரை வந்தது.

அதுக்கு முன்னாடி ஒண்ணு செஞ்சாங்க. முன்னேற்றம் உணவால்தானான்னு உறுதிப்படுத்த, அம்மாவுக்குத் தெரியாம உணவில் ஃபெனைல் அலனினைத் திரும்பக் கலந்தாங்க. குழந்தை சில நாட்களிலேயே பின்னுக்குப் போச்சு. அறிவியல்படி பார்த்தா அருமையான கன்ட்ரோல். ஆனா தினமும் வாசலில் நின்ன அந்தம்மாவை நினைச்சா எனக்கு ஜீரணிக்க முடியலை. பிறகு சம்மதம் வாங்கித் திரும்பவும் செஞ்சாங்கன்னாலும்.

மூளை கெட்ட பிறகு உணவு கொடுத்தா பலன் கொஞ்சம்தான். பிறந்த உடனே கண்டுபிடிக்கணும். பிறந்த உடனே சிறுநீரில் பச்சை தெரியாது. இங்கதான் ராபர்ட் கத்ரி வர்றார். அமெரிக்காவின் பஃபலோவில் புற்றுநோய் ஆய்வில் இருந்த நுண்ணுயிரியலாளர். அவர் மகனுக்கு வேறு காரணத்தால் அறிவு வளர்ச்சிக் குறைபாடு. 1958ல் மனைவியின் தங்கை மகளுக்கு பினைல்கீட்டோனூரியான்னு தெரிஞ்சது, ஆனா ரொம்ப தாமதமா. ஒரு பாக்டீரியாவை வளரவிடாம தடுக்கும் பொருளோடு தட்டில் வச்சார். ஃபெனைல் அலனின் அதிகமுள்ள இரத்தம் பட்டா மட்டும் தடை உடைஞ்சு அது வளரும். குழந்தையின் குதிகாலில் குத்தி வடிதாளில் ஒரு சொட்டு. காய வச்சுத் தபாலில் அனுப்பினாப் போதும். இந்தச் சோதனைக்காக அவர் ராயல்டி வாங்கலை. 1963ல் கட்டுரை வெளியானது, அதே வருஷம் மாசசூசெட்ஸ் மாநிலம் சட்டமே கொண்டுவந்தது. அந்த வடிதாள் சொட்டில்தான் இன்னிக்குப் பல நாடுகளில் டஜன் கணக்கான நோய்களைத் தேடுறாங்க.

அப்படிக் காப்பாத்தப்பட்ட பிள்ளைகள் பலரைப் பள்ளி வயசு வந்ததும், 'மூளை வளர்ந்தாச்சு, உணவுக் கட்டுப்பாடு போதும்'னு விட்டுட்டாங்க. பெண் பிள்ளைகள் வளர்ந்து, நல்லாப் படிச்சு, கல்யாணம் செஞ்சு கர்ப்பமானாங்க. நோய் இல்லாத குழந்தைகளும் வயித்துக்குள்ளேயே, அம்மாவின் இரத்தத்திலிருந்த ஃபெனைல் அலனினால் பாதிக்கப்பட்டுப் பிறந்தன. கட்டுப்பாடு வாழ்நாள் முழுக்க வேணும்னு இப்பச் சொல்றாங்க. முப்பது வயசில் விட்ட இடத்திலிருந்து மறுபடி அந்தக் கசப்பு மாவைக் குடிக்கச் சொல்லி, அந்தப் பெண்களைத் தேடிப் போக வேண்டியதாச்சு.