அடீனியத்தில் புதிய நிறங்கள்: வீட்டிலேயே கலப்பினச் செடி உருவாக்கும் முறை

"நீல நிற அடீனியம் விதை" என்று படத்தைப் பார்த்து வாங்கிய உழவர் ஒருவர் சில மாதங்களுக்கு முன் என்னிடம் வந்தார். 60 செடிகளை ஒன்றரை வருடம் வளர்த்திருக்கிறார். பூத்த அத்தனையும் இளஞ்சிவப்பு. "என் பராமரிப்பில் ஏதும் குறையா?" என்று கேட்டார். பராமரிப்பில் குறை இல்லை. நீல அடீனியம் என்று ஒன்று கிடையாது. உண்மையிலேயே உள்ள நிறத்தின் படத்தைப் போட்டு விற்றிருந்தாலும், அதே நிறம் விதையிலிருந்து வரும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது.

இதை முதலில் மனதில் வையுங்கள். அடீனியத்தின் விதை தாயைப் போல வராது. விதை வாங்குபவருக்கு இது நட்டம். ஆனால் தானே மகரந்தம் சேர்த்து விதை எடுப்பவருக்கு இதுவே வாய்ப்பு. உங்கள் வீட்டு வாசலில் இதுவரை எங்கும் பூக்காத ஒரு பூ பூக்கக்கூடும்.

செடியைத் தெரிந்துகொள்ளுங்கள்

பாலைவன ரோஜா எனப்படும் அடீனியம், ஆப்பிரிக்காவின் வறண்ட பகுதிகளையும் அரேபியாவையும் தாயகமாகக் கொண்டது. பெயரில் ரோஜா இருந்தாலும் இது நம் அரளி, நித்தியகல்யாணி, நந்தியாவட்டை ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. பருத்த அடித்தண்டில் நீரைச் சேமித்து வைப்பதால் வறட்சியைத் தாங்கும். விதையிலிருந்து வளர்ந்த செடிக்கே இந்த அடித்தண்டு அழகாகப் பருக்கும். குச்சி நட்டு வளர்த்தால் அந்த வடிவம் எளிதில் அமையாது.

தினமும் குறைந்தது 6 மணி நேரம் நேரடி வெயில் தேவை. தொட்டிக் கலவையில் தண்ணீர் தேங்கவே கூடாது. ஆற்று மணல் 2 பங்கு, செம்மண் 1 பங்கு, மட்கிய தொழு உரம் 1 பங்கு கலந்து, ஒரு கைப்பிடி வேப்பம்பிண்ணாக்கு சேர்க்கலாம். மேல் மண் நன்கு காய்ந்த பிறகே அடுத்த தண்ணீர். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தொட்டிகளைத் தாழ்வாரத்துக்கு மாற்றிவிடுங்கள். அடீனியம் வெயிலால் சாவதை விட வேர் அழுகிச் சாவதே அதிகம்.

பூ ஏன் தானாகக் காய்ப்பதில்லை?

அடீனியப் பூவின் குழலுக்குள் ஐந்து மகரந்தப் பைகள் கூம்பு போல ஒட்டி நிற்கும். அவற்றின் நுனியிலிருந்து ஐந்து மயிரிழைகள் பூவின் வாய் வரை நீண்டிருக்கும். மகரந்தம் கூம்பின் உள்ளே மேல் பகுதியிலும், அதை ஏற்கும் சூல்முடி அதற்குக் கீழேயும் இருக்கும். நீண்ட உறிஞ்சுகுழல் உள்ள பூச்சி, இரண்டு பைகளுக்கு இடையே உள்ள இடுக்கில் நுழைந்தால்தான் மகரந்தம் சரியான இடத்தைச் சேரும். நம் தோட்டங்களில் அது அரிதாகவே நடக்கிறது. மேலும், பெரும்பாலான செடிகள் தம் சொந்த மகரந்தத்தை ஏற்பதில்லை. ஆகவே இரண்டு வெவ்வேறு செடிகள் தேவை. ஒரே தாய்ச்செடியிலிருந்து ஒட்டுக் கட்டிய இரண்டு செடிகள் ஒரே செடிக்குச் சமம் என்பதை மறந்துவிடாதீர்கள்.

கையால் மகரந்தம் சேர்க்கும் முறை

மழையில்லாத நாளில் காலை நேரத்தில் செய்யுங்கள். பூ மலர்ந்து ஓரிரு நாட்கள் ஆனதாக இருக்கட்டும்.

1. தந்தைப் பூவைப் பறித்து, குழலை நீளவாக்கில் பிளேடால் கீறி விரியுங்கள். கூம்பின் நுனியை ஊசியால் பிரித்தால் வெளிர்மஞ்சள் நிற மகரந்தம் தெரியும்.

2. தாய்ப் பூவைச் செடியில் இருக்கும்போதே, குழலின் ஒரு பக்கத்தை மட்டும் கவனமாகக் கிழித்து விலக்குங்கள். கூம்பும் காம்பும் அடிபடக் கூடாது.

3. மெல்லிய தூரிகை அல்லது சீவிய பல்குச்சியின் நுனியில் மகரந்தத்தை எடுங்கள். தாய்ப் பூவின் இரண்டு பைகளுக்கு இடையே உள்ள இடுக்கில், கூம்பின் அடிப்பக்கமாக நுழைத்து மெதுவாக மேல்நோக்கித் தடவுங்கள்.

4. ஒவ்வொரு பூவிலும் இரண்டு மூன்று இடுக்குகளில் இதைச் செய்யுங்கள். அடுத்த இணைக்குப் போகும் முன் தூரிகையைத் துடையுங்கள் அல்லது குச்சியை மாற்றுங்கள்.

5. காம்பில் ஒரு சீட்டுக் கட்டுங்கள். தாயின் பெயரை முதலிலும் தந்தையின் பெயரை அடுத்தும் எழுதி, தேதியைக் குறியுங்கள். பென்சிலால் எழுதுங்கள். பேனா மை வெயிலில் வெளுத்துவிடும்.

பத்துப் பூவில் இரண்டு பிடித்தாலே ஆரம்பத்தில் நல்ல பலன்தான். கை பழகப் பழகக் கூடும். பிடிக்காத பூ காம்போடு உதிரும். பிடித்த பூவில் இதழ் உதிர்ந்த பின், ஆட்டுக் கொம்பு போல இரட்டைக் காய் நீளத் தொடங்கும்.

காயும் விதையும்

காய் முற்ற ஏறக்குறைய இரண்டு முதல் மூன்று மாதங்கள் ஆகும். முற்றிய காய் வெடித்தால், இரண்டு முனையிலும் பஞ்சு உள்ள விதைகள் காற்றில் பறந்துவிடும். பல மாத உழைப்பு ஒரு மதியத்தில் போய்விடும். எனவே காய் பருத்து முழு அளவை எட்டியதும், கொசுவலைத் துணியால் பை தைத்துக் கட்டிவிடுங்கள், அல்லது காயை இரண்டு மூன்று இடங்களில் நூலால் சுற்றுங்கள்.

விதையை எடுத்தவுடன் விதையுங்கள். நாள் செல்லச் செல்ல முளைப்புத்திறன் குறையும். பஞ்சை நீக்கிவிட்டு, தென்னை நார்க்கழிவும் மணலும் சம அளவு கலந்த குழித்தட்டில் விதையைப் படுக்கை வாட்டில் வைத்து, அரை செ.மீ. அளவுக்கு மூடினால் போதும். வெப்பமான நாட்களில் ஒரு வாரத்துக்குள் முளைக்கும். ஈரம் இருக்கட்டும், சொதசொதப்பு வேண்டாம். நாற்றழுகல் தெரிந்தால் ஒரு லிட்டர் நீரில் 2.5 கிராம் காப்பர் ஆக்ஸிகுளோரைடு கலந்து ஊற்றலாம். நான்கைந்து இலை வந்ததும் சிறு தொட்டிக்கு மாற்றுங்கள். நன்றாகக் கவனித்தால் பல நாற்றுகள் ஒன்று முதல் ஒன்றரை வருடத்தில் பூக்கும்.

தேர்வு செய்வது எப்படி?

முதல் பூவைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். வெயிலும் வெப்பமும் மாறும்போது அடீனியத்தின் நிறமும் மாறும். குறைந்தது இரண்டு பூக்கும் பருவங்கள் பாருங்கள். நிறம், பூவின் அளவு, பூ வாடாமல் நிற்கும் நாட்கள், கிளைப்பு, அழுகலைத் தாங்கும் திறன் ஆகிய ஐந்துக்கும் நோட்டில் மதிப்பெண் போடுங்கள்.

எதிர்பார்த்த நிறம் வரவில்லை என்று எல்லாச் செடிகளையும் கழித்துவிட வேண்டாம். குடும்பத்தில் பாட்டியின் சாயல் பேத்தியிடம் வருவது போல, முதல் தலைமுறையில் மறைந்த குணம் அடுத்த தலைமுறையில் வெளிப்படலாம். ஒரே காயில் பிறந்த நல்ல செடிகளை ஒன்றோடொன்று இணைத்துப் பாருங்கள். சில இணைகள் காய்க்காமல் போகலாம். அப்போது வேறு இணையை முயலுங்கள்.

கிடைத்ததைக் காப்பாற்றுங்கள்

சிறந்த செடி ஒன்று கிடைத்தால், உலகில் அது ஒன்றே ஒன்றுதான். ஒரு மழைக்கால அழுகலில் அது போனால் மறுபடி கிடைக்காது. அதே பூவைப் பெருக்க ஒட்டுக் கட்டுவது நல்ல வழி. பென்சில் பருமனுள்ள ஒரு வயது நாற்றை வேர்ச்செடியாகக் கொண்டு, அதே பருமனில் 5 செ.மீ. நீளமுள்ள ஒட்டுக்குச்சியை 'வி' வடிவில் சீவிப் பொருத்துங்கள். கசியும் பாலைத் துடைத்து, ஒட்டு நாடாவால் இறுக்கிக் கட்டி, பாலித்தீன் பையால் மூடி மூன்று வாரம் நிழலில் வையுங்கள். பிளேடை ஒவ்வொரு முறையும் ஸ்பிரிட்டால் துடைப்பது அவசியம். விற்பதற்கு முன் குறைந்தது ஐந்து ஒட்டுச் செடிகளாவது உங்களிடம் இருக்கட்டும்.

எச்சரிக்கை

அடீனியத்தின் பால், இலை, வேர் எல்லாம் நஞ்சு. ஆப்பிரிக்காவில் அம்பு முனையில் தடவும் விஷமாக இதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். இதயத் துடிப்பைப் பாதிக்கும். கவாத்து செய்த கிளைகளை ஆடு மாடு மேயும் இடத்தில் போடாதீர்கள். குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். வேலை செய்யும்போது கையுறை அணியுங்கள், கண்ணைத் தொடாதீர்கள், முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

அரளியைத் தின்னும் பெரிய பச்சைப் புழு இதையும் தின்னும். கையால் பொறுக்கி அழித்தாலே போதும். மாவுப்பூச்சிக்கு ஒரு லிட்டர் நீரில் 3 மி.லி. வேப்பெண்ணெயும் சிறிது காதி சோப்புக் கரைசலும் கலந்து தெளிக்கலாம். மகரந்தம் சேர்த்த பூக்களின் மேல் தெளிக்க வேண்டாம்.

நிறைவாக

கடன் வாங்கி நிழல்வலைக் குடில் போட்டுத் தொடங்கும் தொழில் அல்ல இது. நிறத்திலும் வடிவிலும் மாறுபட்ட பத்துத் தொட்டிகள், ஒரு தூரிகை, ஒரு நோட்டு போதும். வயல் வேலைக்குக் கிளம்பும் முன் காலையில் அரை மணி நேரம் செலவிட்டால் நடக்கும். என்னிடம் வந்த அந்த உழவரும் தன் 60 செடிகளை வீசவில்லை. அவற்றில் அடித்தண்டு நன்கு பருத்தவற்றை வேர்ச்செடியாகவும், மீதியில் நல்ல பூ உள்ளவற்றைத் தாயாகவும் வைத்துக்கொண்டு மகரந்தம் சேர்க்கத் தொடங்கியிருக்கிறார். இனி விதை யாருடையது, தாய் எது, தந்தை எது என்ற கேள்விக்கு அவர் நோட்டிலேயே பதில் இருக்கும்.